உயர்தரத்தில் எதைப் படிப்பது? கையெழுத்திடுமுன் உட்கார்ந்து பேசுவோம்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில், மகாவலி ஆற்றுக்கு அருகே உள்ள சிறு நகரம் கெலிஓயா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் இந்த ஆற்றோரத்தில் வெள்ளம் புகுந்தது. மலைகளில் மண் சரிந்தது. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டந்தான். மேலே மரக்கறித் தோட்டத்தையும் வீட்டையும் இழந்த சில குடும்பங்கள் அன்றிலிருந்து கெலிஓயாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் காலந்தள்ளுகின்றன.

அண்மையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அக்குடும்பங்களில் சிலவற்றைச் சந்திக்கப் போயிருந்தேன். நட்டஈடு, மாற்றுக்காணி, வங்கிக் கடன் என்பவை பற்றித்தான் பேச்சு வரும் என்று எண்ணினேன். அவையெல்லாம் வந்தன. ஆனால் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அது அவருடைய மகளின் சாதாரண தரப் பெறுபேறு.

"பாதர், மக ஓ.எல். பாஸ் பண்ணிட்டா. ஏ.எல். படிக்கப் போர்ம் குடுத்திருக்காங்க. பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ், டெக்னொலொஜின்னு என்னென்னவோ இருக்கு. எனக்கு என்ன தெரியும்? எதுல கையெழுத்து வைக்கிறதுன்னு நீங்களே சொல்லிருங்க."

மகள் தாயின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. முன்பொருமுறை இதே கேள்விக்கு உடனே பதில் சொல்லி, ஒரு பிள்ளையின் சில வருடங்களை வீணாக்கியவன் நான்.

நான் செய்த தவறு

குருப்பட்டம் பெற்ற புதிதில் மலையகத்தில் ஒரு பங்கில் பணியாற்றினேன். அங்கே ஒரு பையன் சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்திருந்தான். அவனுடைய தகப்பன் குத்தகைக் காணியில் மரக்கறி பயிரிட்டவர். தகப்பனின் கடன் கொப்பியை எழுதி வைத்ததும், லொறிக்காரரோடு கணக்குப் பார்த்ததும் அந்தப் பையன்தான். இதை நான் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஆனாலும், "நம் சமூகத்துக்கு ஒரு டாக்டர் வேண்டும்" என்று சொல்லி, அவனை உயிரியல் பிரிவில் சேர்க்க நகரத்துப் பாடசாலை ஒன்றின் படியேறியவன் நான்.

அப்பாடசாலையில் தமிழ் மொழிமூலம் இரசாயனவியல் கற்பிக்க இரண்டு தவணைகளாக ஆசிரியர் இருக்கவில்லை. ரியூசனுக்குப் பணம் தேவைப்பட்டது. தகப்பன் மேலும் கடன்பட்டார். பையன் இரண்டுமுறை பரீட்சை எழுதினான். இரண்டுமுறையும் மூன்று பாடங்களிலும் சித்தியடையவில்லை. பின்பு எல்லோரையும்போல கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

பல வருடங்களின் பின் ஒரு திருவிழாவில் அவனைச் சந்தித்தேன். அவன் வேலை செய்யும் இரும்புக் கடையில் கணக்கு எழுதுவது இப்போது அவன்தான். கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் சங்கம் நடத்தும் பரீட்சைக்கும் தமிழில் படித்துக்கொண்டிருந்தான். "அப்பவே எனக்குக் கணக்கீடுதான் பிடிச்சிருந்தது, பாதர்" என்றான். "அப்படியானால் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவன் கோபப்படாமல் சொன்னான்: "நீங்க கேக்கலியே."

அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

நமக்கு ஏன் இது கடினமாக இருக்கிறது?

டாக்டர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை அப்போது பெறவில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்னருமே. ஆகவே நம்மில் பலருடைய தாய் தகப்பன்மார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். உயர்தர வகுப்பின் வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை நம் பிள்ளைகள். வீட்டில் கேட்டறிய அண்ணனோ அக்காவோ இல்லை.

இதற்கு மேலாக இடப்பெயர்வு வருகிறது. 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமஞ்செய்து, 2008, 2009 யுத்தத்தில் அங்கிருந்தும் துரத்தப்பட்டவர்கள் நம் வாசகர்களில் உண்டு. இப்போது மண்சரிவால் பெயர்ந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பெயர்ந்த குடும்பம் இரண்டில் ஒன்றைச் செய்ய முனைகிறது. "இழந்ததெல்லாம் போதும், நீயாவது டாக்டராகு" என்று முழுச் சுமையையும் பிள்ளையின் தலையில் வைக்கிறது. அல்லது, "படித்தது போதும், கடன் இருக்கிறது" என்று பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறது. இரண்டும் பிள்ளையின்மேல் உள்ள அன்பினாலும் பயத்தினாலும் எடுக்கப்படும் முடிவுகளே. ஆனால் இரண்டிலும் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்தார். நிலக்கடலை போடுவதா, போஞ்சி போடுவதா என்று தீர்மானிக்க நாம் மண்ணையும் நீரையும் சந்தையையும் பார்க்கிறோம். பிள்ளையின் இரண்டு வருடங்களுக்கும் அதே கவனத்தைக் கொடுப்போம்.

முதலில் பெறுபேற்றுத் தாளைப் பாருங்கள்

உயர்தரம் படிக்க, சாதாரண தரத்தில் முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். இது பொது விதி. உயிரியல் பிரிவுக்கு விஞ்ஞானத்திலும், கணிதப் பிரிவுக்குக் கணிதத்திலும் திறமைச் சித்தி கேட்கப்படும்.

எத்தனை 'ஏ' என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பாடத்தில் என்று பாருங்கள். சமயத்திலும் சித்திரத்திலும் விசேட சித்தி பெற்று விஞ்ஞானத்தில் சாதாரண சித்தி பெற்ற பிள்ளையை, "மொத்தத்தில் நல்ல பெறுபேறு" என்று சொல்லி விஞ்ஞானத்தில் தள்ளுவது முறையல்ல. பின்பு பிள்ளையிடம் கேளுங்கள்: எந்தப் பாடப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படித்தாய்? இதற்குப் பிள்ளை தரும் பதில் பல சமயம் பெறுபேற்றுத் தாளைவிட அதிகம் சொல்லும்.

பிரிவுகள் எவை, எங்கே கொண்டுபோகும்?

உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள். அவற்றோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் உண்டு. பின்னையதை அலட்சியம் செய்யவேண்டாம். பல்கலைக்கழகம் புக அதில் குறைந்தது 30 புள்ளிகள் வேண்டும்.

உயிரியல் விஞ்ஞானம்: உயிரியல், இரசாயனவியல் ஆகியவற்றோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பௌதிகவியல் கடினம் என்று விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் மருத்துவ பீடத்தின் கதவு அன்றே மூடப்படுகிறது. விவசாய பீடத்துக்கு வழி உண்டு. தெரிந்து எடுத்தால் நல்ல தெரிவு. தெரியாமல் எடுத்துவிட்டு இரண்டாம் வருடத்தில் அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

பௌதிக விஞ்ஞானம்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பொறியியலுக்கும் பௌதிக விஞ்ஞானப் பட்டங்களுக்கும் இது வழி. சாதாரண தரக் கணிதத்துக்கும் இணைந்த கணிதத்துக்கும் இடையில் பெரிய மலை ஏறவேண்டும் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

வர்த்தகம்: கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் நன்றாகக் கற்பிக்கக்கூடியது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கணக்கியல் தொழிற்பரீட்சைகளுக்குப் போகலாம்.

கலை: தமிழ், புவியியல், வரலாறு, அரசறிவியல், அளவையியல் முதலிய பல பாடங்களிலிருந்து மூன்று. "வேறொன்றும் கிடைக்காதவன் கலை படிக்கட்டும்" என்ற பேச்சை நாம் கைவிட வேண்டும். ஆசிரியர்களும் நிர்வாக உத்தியோகத்தர்களும் இப்பிரிவிலிருந்தே பெருமளவில் வருகிறார்கள். சட்டபீடத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நண்பன் எடுத்தான், குறிப்புப் புத்தகம் கிடைத்தது என்பதற்காக மூன்று பாடங்களை அள்ளிக்கொள்வது ஆபத்து. கலைப் பட்டம் பெற்றும் வேலையின்றி வீதியில் நின்ற பட்டதாரிகளை நாடு பலமுறை பார்த்திருக்கிறது. ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கணினி அறிவையும் சேர்த்துக்கொண்ட கலை மாணவர் அவ்வளவு எளிதில் தோற்கமாட்டார்.

தொழில்நுட்பம்: 2013இல் தொடங்கிய பிரிவு. பொறியியல் தொழில்நுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பம், அதோடு தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக விவசாய விஞ்ஞானம், புவியியல், பொருளியல், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றுள் ஒன்று. கையால் செய்து கற்கும் பிள்ளைக்குப் பொருத்தமானது.

இவற்றைத் தவிர, 13 வருடக் கல்வியை எல்லோருக்கும் உறுதிப்படுத்தும் திட்டத்தின் கீழ் 2017இல் தொடங்கிய தொழிற்கல்விப் பிரிவும் உண்டு. தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் மட்டுமே இது நடக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் இதில் சேரலாம். முடிவில் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டம் வரை போகலாம். "பெயில்" என்று வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா?

பிரிவின் பெயரை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. அப்பாடத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பில் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. அரசாங்கப் பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. 1ஏபி பாடசாலையில் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் இருக்கும். 1சீ பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இராது. கலையும் வர்த்தகமும் இருக்கும். இரண்டாம் வகைப் பாடசாலை 11ஆம் தரத்தோடு முடிந்துவிடும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை குறைவு என்பதால், பல பிள்ளைகள் விருப்பத்தால் அல்ல, அருகில் வேறில்லை என்பதால் கலைக்குப் போகிறார்கள்.

ஆகவே விண்ணப்பிக்குமுன் அப்பாடசாலைக்கே போங்கள். அதிபரிடம் பணிவோடும் துணிவோடும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இம்மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா? சென்ற வருடம் இப்பிரிவில் எத்தனைபேர் எழுதி எத்தனைபேர் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள்? ஆய்வுகூடம் திறந்து நடக்கிறதா? இவற்றைக் கேட்பது குற்றமல்ல. கன்று வாங்கப் போகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதில்லையா? அந்தப் பையனுக்காக நான் ஏறி இறங்கிய நாளில் முதற் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

'இலகுவான பாடம்' என்று ஒன்று உண்டா?

"அந்தப் பாடத்தில் எல்லோருக்கும் நிறையப் புள்ளி வருகிறது, அதை எடு" என்று பிள்ளைகளுக்குச் சிலர் சொல்வதுண்டு. இது தவறான கணக்கு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பெற்ற புள்ளியை அப்படியே கூட்டுவதில்லை. இசட் புள்ளி என்ற முறையைப் பார்க்கிறார்கள்.

அதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். மழை பொய்த்த போகத்தில் ஊரெல்லாம் 40 மூடை எடுக்கும்போது ஒருவர் 60 மூடை எடுத்தால் ஊர் வியக்கும். எல்லோருக்கும் 65 விளைந்த போகத்தில் 70 எடுத்தவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பரீட்சையிலும் அப்படியே. ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரி 40, புள்ளிகளின் பரவல் 10 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 எடுத்தவரின் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 65, பரவல் 10. அதில் 70 எடுத்தவருக்கு 0.5 மட்டுமே. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரிதான் பிள்ளையைத் தூக்குவதும் இறக்குவதும். பிள்ளை மற்றவர்களைவிட எதில் மேலோங்கி நிற்குமோ அதுவே அப்பிள்ளைக்கு இலகுவான பாடம்.

இடம்பெயர்ந்தோர் கவனிக்கவேண்டிய மாவட்டக் கணக்கு

இப்பகுதியை இருமுறை வாசியுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் முழு நாட்டின் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகியன அந்தப் பதினாறில் உண்டு. கண்டி இல்லை.

பிள்ளை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை, பிறந்த இடத்தை வைத்தோ அடையாள அட்டை முகவரியை வைத்தோ பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்தே பார்க்கிறார்கள். கொத்மலை நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது. கெலிஓயா கண்டி மாவட்டத்தில். பஸ்ஸில் சிறு தூரந்தான். ஆனால் கொத்மலையில் சாதாரண தரம் முடித்த பிள்ளை உயர்தரத்தின் இரண்டு வருடங்களையும் கண்டி மாவட்டத்தில் படித்தால், கணக்கு கண்டியின் பக்கம் போய்விடலாம். அங்கே வெட்டுப்புள்ளி வேறு, போட்டியும் வேறு.

இதற்காகப் பிள்ளையை ஆபத்தான மலைச்சரிவுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. உயிரைவிட ஒதுக்கீடு பெரிதல்ல. நல்ல ஆசிரியர் உள்ள பாடசாலையை மாவட்டத்துக்காக விடுவதும் புத்தியல்ல. ஆனால் விடுதி வசதியோ பாதுகாப்பான உறவினர் வீடோ இருந்து, பழைய மாவட்டத்திலேயே தொடர முடியுமானால், மாற்றுமுன் ஒருமுறை யோசியுங்கள். மாற்றினால் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் புதிய பாடசாலையில் சேர்ந்த திகதியையும் பத்திரப்படுத்துங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூல் தமிழிலும் கிடைக்கிறது. பாடசாலையிலோ நூலகத்திலோ அதைக் கேட்டு, இவ்விதியையும் நீங்கள் நினைக்கும் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் தேவை என்பதையும் ஆசிரியர் ஒருவரைக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் சான்றிதழ் போனவர்கள் மனம் தளரவேண்டாம். பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடமும், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்திலும் மீண்டும் பெறலாம். 2025ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே புயல் வந்தது. எஞ்சிய பாடங்களைப் பிள்ளைகள் 2026 ஜனவரியில் எழுதினார்கள். சேறு படிந்த வீட்டிலிருந்தும் முகாமிலிருந்தும் வந்து எழுதிய பிள்ளைகள் அவர்கள்.

"காணியே போயிருச்சே, பாதர்"

இனி அந்தத் தாயின் கதைக்கு வருவோம். நான் மகளைப் பார்த்து, "மகள், உங்களுக்கு என்ன படிக்க விருப்பம்?" என்று கேட்டேன். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பின்பு மெதுவாக, சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும் எடுத்ததாகவும், அதில்தான் தனக்கு விருப்பம் அதிகம் என்றும், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படிக்க முடியுமா என்றும் கேட்டாள்.

தாய்க்கு அது அதிர்ச்சி. "காணியே போயிருச்சே, பாதர். இனி விவசாயம் படிச்சி இவ என்ன செய்யப் போறா? நாங்கதான் மண்ணோட கெடந்தோம். இவளுமா?"

நம்மில் பலருக்கு உள்ள வேதனை இதுதான். இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விவசாயம் படித்தவர் எல்லோரும் மண்வெட்டி பிடிப்பதில்லை. விதை உற்பத்தி, நாற்றுமேடை, மண் பரிசோதனை, உணவு பதனிடல், விவசாயப் போதனாசிரியர் பணி என்று பல தொழில்கள் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில். அதன் ஆராய்ச்சி நிலையங்கள் கன்னொறுவையில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் உண்டு. குண்டசாலையில் விவசாயப் பாடசாலை உண்டு. இவையெல்லாம் கெலிஓயாவிலிருந்து ஒருநாளில் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவை. வன்னியில் உள்ள நம் வாசகர்களுக்கு வவுனியாவிலும் பரந்தனிலும் விவசாயப் பாடசாலைகள் உண்டு. காணி போனாலும் அந்த வீட்டில் மண்ணைப் பற்றிய அறிவு போகவில்லை. அதுவும் ஒரு தாலந்துதான். அதைப் புதைத்துவிடத்தான் வேண்டுமா?

தாய் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்பு, "டெக்னொலொஜி தமிழில எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கு?" என்று கேட்டார். அது சரியான கேள்வி.

கதவு திறக்காவிட்டால்?

உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மூன்று தடவைகள் எழுதலாம். ஆனால் மூன்றாம் தடவை என்பது ஏழைக் குடும்பத்துக்கு இன்னொரு வருட உழைப்பு. ஆகவே பிரிவைத் தெரியும்போதே இரண்டாவது வாசலையும் தெரிந்து வையுங்கள்.

ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குப் பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கல்வியியற் கல்லூரிகளும் உண்டு. தொழில் கற்க கண்டி தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை உண்டு. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் கைவினைஞர் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஒரு மின்னிணைப்பாளரோ குழாய்ப் பொருத்துநரோ படிப்படியாகப் பட்டம் வரை ஏற வழி இருக்கிறது என்பதை நம் பெற்றோர் பலர் அறியார்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். இரண்டு வருடம் ஒரு பிள்ளை உழைக்காமல் படிப்பது கடன்பட்ட குடும்பத்துக்குச் சிறிய காரியமல்ல. பஸ் கட்டணம், புத்தகம், ரியூசன் என்று மாதச் செலவைத் தாளில் எழுதுங்கள். பிள்ளைக்கும் அதைக் காட்டுங்கள். வீட்டின் நிலையை அறிந்த பிள்ளை பொறுப்போடு படிக்கும். மறைத்தால் ஒருநாள் கடன்காரர் வாயிலாக அறிந்து மனமொடியும். பெண்பிள்ளைகளின் படிப்பை முதலில் நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது அநீதி என்று பலிபீடத்திலிருந்தும் சொல்வேன், இந்தப் பக்கத்திலும் சொல்வேன். படிப்பைத் தொடரவே முடியாத நிலை வந்தாலும், தொழிற்பயிற்சிக்கு அனுப்புவதற்கும், எந்தப் பயிற்சியுமில்லாமல் கொழும்புக் கடைக்கு அனுப்புவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அன்று மாலை நான் புறப்படும்போது விண்ணப்பப் படிவத்தில் இன்னும் கையெழுத்து இடப்பட்டிருக்கவில்லை. வரும் கிழமை தாயும் மகளும் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், தொழில்நுட்பப் பிரிவு தமிழில் எங்கே நடக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்களா, நுவரெலியா மாவட்டப் பாடசாலை ஒன்றில் விடுதி உண்டா என்று விசாரிப்பதாக முடிவு செய்தார்கள். நானும் கூடப் போகிறேன். இம்முறை படியேறுகிறவன் நானாக இருந்தாலும், கேள்வி கேட்கப்போகிறவள் அந்தப் பிள்ளை.

கிராமக் குழுக்களில் கலந்துரையாட:

1. நம் குழுவில் இவ்வருடம் சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் எத்தனைபேர்? அவர்களிடம் விருப்பத்தை யார் கேட்டோம்?

2. நமக்கு அருகிலுள்ள பாடசாலைகளில் எந்தப் பிரிவுகள் தமிழில் நடக்கின்றன? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? அதைக் கேட்டு வலயப் பணிப்பாளருக்கு ஒன்றுசேர்ந்து எழுத முடியுமா?

3. இடம்பெயர்வால் பாடசாலை மாறிய பிள்ளைகளின் விடுகைப் பத்திரங்கள் கையில் உள்ளனவா?

4. நம் ஊரில் உயர்தரம் முடித்த அண்ணன், அக்காமாரை அழைத்து, தம்பி தங்கைகளோடு ஒரு ஞாயிறு பிற்பகல் பேச வைக்கலாமா?